முதல் பரிசு வாங்கிய தண்ணீர்

மூன்று நாளாக நான் சுவரைப் பார்த்தபடிதான் சோறு தின்றேன். இந்தப் பக்கம் திரும்பினால் ஷோகேஸ். அதற்குள் பளபளவென்று ஒரு கோப்பை. அதில் 'அறிவியல் கண்காட்சி 2006, முதல் பரிசு' என்று எழுதியிருந்தது.

“கழுத்து சுளுக்கிக்கிச்சா?” என்று அம்மா கேட்டார்.

“ஆமாம்மா” என்றேன். அதுவும் பொய்தான். ஒரு பொய் சொன்னால் போதும், அது சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்துவிடும்.

என் பெயர் தஹ்மீனா. ஏழாம் வகுப்பு. என் அத்தா பீர் முகைதீன் விருதுநகரில் மிளகாய் வற்றல் வியாபாரி. எங்கள் வீட்டின் முன்பாதியில் வற்றல் மூட்டைகள் இருக்கும், பின்பாதியில் நாங்கள் இருப்போம். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் தும்முவார்கள், அப்புறம்தான் “நல்லா இருக்கீகளா?” என்று கேட்பார்கள். எங்கள் மூக்குக்கு மட்டும் அந்த நெடி தெரியவே தெரியாது.

கண்காட்சியில் என் கூட்டாளி பானுப்பிரியா. அவள் எம். புதுப்பட்டிக்காரி. பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கிறாள், சனிக்கிழமை ஊருக்குப் போவாள். அவள் ஊருக்குப் பக்கத்தில் பட்டாசில் சுற்றும் கலர் காகிதத்துக்குச் சாயம் போடுகிற ஒரு கம்பெனி இருந்தது. சாயத் தண்ணீர் நேராக ஓடைக்கு வரும். ஓடையே ரோஸ் கலரில் ஓடும்.

“பாக்க அழகாத்தான் இருக்கும். ஆனா போன மாசம் அதைக் குடிச்சு எங்க ஆடு செத்துப் போச்சு. அதோட குட்டி மட்டும் இருக்கு” என்று பானு சொன்னாள். குட்டியின் பெயர் வெள்ளச்சி.

எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் சின்னம்மா நசிமா சாச்சி கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி செய்கிறார். நிலக்கடலைத் தோட்டை அமிலத்தில் ஊறவைத்து, மூடிய டப்பாவில் சுட்டு, நன்றாகக் கழுவினால் ஒரு விசேஷக் கரி கிடைக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் லட்சக்கணக்கில் இருக்கும். சாயம் அந்தத் துளைகளுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். சாச்சி எங்களுக்குக் கொஞ்சம் கரி தந்தார். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தை வெட்டி, தலைகீழாக நிறுத்தி, வாயில் துணி கட்டி, கரியைப் போட்டோம். சாச்சியின் கல்லூரியில் வைத்து ஓடைத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். சொட்டுச் சொட்டாகத் தெளிந்த தண்ணீர் விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் குதித்தோம்.

கண்காட்சி சூலக்கரையில் ஒரு பள்ளியில் நடந்தது. நடுவர்கள் எங்கள் மேசைக்கு வர இன்னும் இரண்டு மேசைதான் பாக்கி. ஒட்டியிருந்த படம் கழன்று விழுந்ததால் பானு பசை வாங்க ஓடினாள். நான் ஒரு தடவை சோதித்துப் பார்க்கலாம் என்று ரோஸ் தண்ணீரை ஊற்றினேன்.

கீழே வைத்த டம்ளரில் விழுந்தது கலங்கலான செம்மஞ்சள் தண்ணீர்!

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “அடுத்தது எந்த மேசை?” என்று குரல் கேட்டது. நான் அந்த டம்ளரை ஜன்னல் வழியாகக் கொட்டினேன். என் தண்ணீர் பாட்டிலிலிருந்து குடிதண்ணீரை அதில் ஊற்றி, வடிகட்டியின் கீழே வைத்தேன்.

மீசைக்கார நடுவர் வடிகட்டியில் மூக்கை வைத்துப் பார்த்தார். “அச்!” என்று தும்மினார். ஜலதோஷம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார்.

“ரோஸ் தண்ணிதான் இப்படி ஆச்சாம்மா?”

“ஆமா சார்.”

அந்த 'ஆமா'வுக்குத்தான் கோப்பை கிடைத்தது. பசையோடு வந்த பானு கை வலிக்கும்வரை தட்டினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வடிகட்டியைத் தூக்கிப் பையில் வைத்தாள். “கோப்பை உங்க வீட்டுல இருக்கட்டும். இதை நான் ஊருக்குக் கொண்டுபோறேன். எல்லாருக்கும் காட்டணும்.”

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. “ம்” என்று மட்டும் சொன்னேன். சே!

சனிக்கிழமை காலை. இட்லி சாப்பிட்டுக்கொண்டே சாச்சியிடம் கேட்டேன்.

“சாச்சி, கரியில வடிகட்டுன தண்ணிய ஆட்டுக்குட்டி குடிச்சா ஒண்ணும் ஆகாதுல்ல?”

சாச்சியின் கை நின்றுவிட்டது. “யாரு சொன்னா? நிறம் போனா விஷமும் போயிரும்னு இல்ல. அந்தத் தண்ணியில வேற என்னென்ன கிடக்குன்னே நான் இன்னும் சோதிக்கல.”

நிறம்கூடப் போகவில்லையே! வெள்ளச்சியின் ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், அழுதுவிட்டேன். டம்ளர், குடிதண்ணீர், 'ஆமா சார்' எல்லாவற்றையும் அத்தா, அம்மா, சாச்சி மூன்று பேர் முன்னாலும் கொட்டினேன்.

அத்தா பானுவின் தெருக் கடைக்குப் போன் போட்டார். மணி அடித்ததே தவிர யாரும் எடுக்கவில்லை.

“செருப்பப் போடு. திட்டுறத பஸ்ல வச்சுத் திட்டுறேன்” என்றார்.

ஆனால் பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. சிவகாசி வரைக்கும் திட்டவில்லை. அடுத்த பஸ்ஸிலும் திட்டவில்லை. திட்டித் தொலைத்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு ஆகிவிட்டது.

பானு வீட்டு வாசலில் தெருவே கூடியிருந்தது. முக்காலியின் மேல் எங்கள் வடிகட்டி. அதன் கீழே ஒரு கிண்ணம். பானுவின் தம்பி பாலகுரு வெள்ளச்சியைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டிருந்தான். பானு கிண்ணத்தைக் குனிந்து எடுத்தாள்.

“குடுக்காதே பானு!” என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

எல்லாரும் திரும்பினார்கள். பானுவின் அம்மா வள்ளித்தாய், “வாங்கண்ணே, உக்காருங்க. என்ன தாயி, இம்புட்டு வேகமா வர்ற?” என்றார். அந்த அன்பில் எனக்கு இன்னும் கூசியது. தலையைத் தூக்க முடியவில்லை.

“அது... அது வேலை செய்யல. கண்காட்சியிலயும் செய்யல. நான் குடிதண்ணிய மாத்தி வச்சேன். பானுவுக்குத் தெரியாது.”

பானுவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கிண்ணத்தைத்தான் பார்த்தேன். அதே கலங்கல் செம்மஞ்சள்.

“அதான் இப்படி வருதேன்னு முழிச்சிக்கிட்டு இருந்தேன்” என்றாள் பானு மெதுவாக. “ஊர்ல எல்லாரையும் கூப்பிட்டுட்டேன். எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல தஹ்மி?”

அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெட்கம் காதுவரை சுட்டது.

அப்போது வெள்ளச்சி கயிற்றை இழுத்து, வடிகட்டியின் வாயில் முகத்தை வைத்துவிட்டது. “க்சிங்! க்சிங்! க்சிங்!” மூன்று தும்மல். பக்கத்தில் நின்ற கோட்டைச்சாமித் தாத்தாவும் சேர்ந்து தும்மினார். தலை குனிந்து நின்ற நான் நிமிர்ந்தேன்.

எங்கள் வீட்டு விருந்தாளிகள் இப்படித்தான் தும்முவார்கள். மீசைக்கார நடுவரும் இப்படித்தான் தும்மினார்!

“பானு, கரி வேலை செய்யலன்னா தண்ணி ரோஸாத்தான இருக்கணும்? செம்மஞ்சள் எங்கருந்து வந்துச்சு?”

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கண்காட்சிக்கு முந்தின நாள், வடிகட்டியில் கட்டியிருந்த வெள்ளைத் துணி கிழிந்துபோனது. நான் முன்கட்டில் கிடந்த சாக்கில் ஒரு துண்டு வெட்டிக் கட்டினேன். எங்கள் வீட்டில் சாக்கு என்றால் அது என்ன சாக்காக இருக்கும்? வடிகட்டியின் வாயில் இருந்த சாக்குத் துண்டை அவிழ்த்து அத்தாவிடம் நீட்டினேன்.

அத்தா முகர்ந்து பார்த்தார். “குண்டு வத்தல். போன வருசச் சரக்கு” என்றார்.

“அடிப்பாவி! மொளகாச் சாக்கா?” என்றார் வள்ளித்தாய். தெருவே சிரித்தது. பானு மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்குள் போய் ஒரு பழைய வேட்டித் துண்டை எடுத்து வந்தாள். என்னைப் பார்க்காமலே கையில் கொடுத்தாள்.

நான் கரியைப் பல தண்ணீர் விட்டுக் கழுவினேன். வேட்டித் துண்டைக் கட்டி, கரியைப் போட்டு, ரோஸ் தண்ணீரை ஊற்றினேன். சொட்டு. இன்னொரு சொட்டு. கிண்ணத்தின் அடியில் இருந்த பூப் படம் பளிச்சென்று தெரிந்தது.

சாச்சியின் கரி ஒரு தப்பும் செய்யவில்லை. மூன்று நாளாக நான் அதன் மேல் பழியைப் போட்டிருந்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்போம்.

“இதையும் குட்டிக்குக் குடுக்கக் கூடாது. சாச்சி சோதிச்சுச் சொல்லட்டும்” என்றேன். பானு தெளிந்த தண்ணீரில் ஒரு பாட்டில் சாச்சிக்காகப் பிடித்தாள். நான் அந்தச் செம்மஞ்சள் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொண்டேன்.

திங்கள்கிழமை கோப்பையோடு எங்கள் அறிவியல் ஆசிரியர் சீனிவாசகம் சார் அறைக்குப் போனேன். வாசலில் பானு நின்றாள்.

“நீ எதுக்கு?” என்றேன்.

“கோப்பையில என் பேரும்தான இருக்கு” என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் உள்ளே போனாள்.

சார் எல்லாவற்றையும் கேட்டார். கோப்பையை வாங்கி மேசையில் வைத்தார். “சூலக்கரைக்கு நீங்களே எழுதிக் கொடுங்க” என்று ஒரு தாளைத் தந்தார். எழுதும்போது என் எழுத்து எறும்பு அளவுக்குச் சிறுத்துப்போனது. “பெருசா எழுது. அவங்க படிக்கணும்ல” என்றார் சார்.

அன்று சாயங்காலம் பானு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஷோகேஸில் கோப்பை இருந்த இடத்தில் நான் செம்மஞ்சள் தண்ணீர் பாட்டிலை வைத்து, 'நிஜமாக வந்த தண்ணீர்' என்று எழுதி ஒட்டியிருந்தேன். அவள் ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். அப்புறம் ஒரு தும்மல் போட்டாள்.

“மூடிய இறுக்கிப் போடுடி மொளகாச் சாக்கு! வீட்டுக்கு வர்ற மனுசங்க பாவம்ல?”

சனிக்கிழமையிலிருந்து அவள் என்னைக் கேலி செய்வது அதுதான் முதல் தடவை. நான் மூடியை இறுக்கினேன். அன்று ராத்திரி ஷோகேஸைப் பார்த்தபடியே மூன்று தோசை தின்றேன்.