ஏட்டியும் நீங்களும்

ஹாசினிக்குத் தாங்கி கிடைக்காமல் போனதற்கு, கூடப்பிறந்தவன் அவளைக் கூப்பிடும் 'ஏட்டி' என்ற ஒரு சொல்தான் காரணம்.

உறவு அலுவலர் இளவெயினி அதை முடிந்தவரை நயமாகத்தான் சொன்னாள். ஹாசினி வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த உறவுமானியின் முகத்தைக் காட்டினாள். அதில் இருந்த வளையம் அடுப்புத் தணல்போல் சிவந்திருந்தது. "அம்மா, இந்த மாவட்டத்துலயே இவ்வளவு சிவப்பு நான் பாத்ததில்ல. உங்களுக்கு ரொம்ப நெருங்கின உறவு இருக்கு. தனித்தவங்களுக்கு மட்டும்தான் தாங்கி. விதி அப்படி."

"யாரு நெருக்கம்? இவனா?" என்று ஹாசினி எதிரே இருந்த தர்ஷனைக் கைகாட்டினாள். "பொழுது விடிஞ்சா சண்டை, பொழுது அடைஞ்சா சண்டை. இவன எந்தக் கணக்குல தாயி உறவுன்னு சேத்திய?"

"அந்தக் கணக்குலதாம்மா" என்றாள் இளவெயினி.

ஹாசினி, தர்ஷன் என்று பெயரைக் கேட்டதுமே தெரிந்திருக்கும், இருவரும் இரண்டாயிரத்துச் சொச்சத்தில் பிறந்த அந்தக் காலத்து ஆட்கள். எழுபது வயது இரட்டையர். 'அவர்' என்று எழுதினால் இருவரும் சண்டைக்கு வருவார்கள். ஆகவே அவன், அவள் என்றே வைத்துக்கொள்வோம். ஹாசினி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தர்ஷனின் மனைவி காலமாகிவிட்டாள், பிள்ளை இல்லை. தூத்துக்குடியில் கடற்கரைச் சாலையை ஒட்டிய தெருவில் அவள் வீடு, பின் தெருவில் அவன் வீடு.

ஹாசினியின் கால் தசைகள் சில வருஷங்களாகவே சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. எழுப்பி நிறுத்திவிட்டால் கம்பை ஊன்றி நடந்துவிடுவாள். உட்கார்ந்தாலோ விழுந்தாலோ தானாக எழுந்திருக்க முடியாது. காலையிலும் மாலையிலும் தர்ஷன் வந்து அவள் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவான். அவன் முதுகுத்தண்டில் ஏற்கனவே தகடு வைத்திருந்தது. தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவன் முதுகும் போய்விட்டால் இருவருக்கும் படுக்கைதான். ஹாசினிக்குத் தூக்கம் வராத கவலை அதுதான்.

தாங்கி என்பது சக்கரத்தில் நகரும் இயந்திரம். பஞ்சு பொதிந்த இரண்டு கைகள். படுத்தவரை உட்கார்த்தும், உட்கார்ந்தவரை நிறுத்தும். அரசு அதை யாருமற்றவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. ஆரம்பத்தில் 'எனக்கு யாருமில்லை' என்று மகனைக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவைத்துக்கொண்டு வாங்கியவர்கள் உண்டு. நாலு பிள்ளைகளைப் பெற்றும் நாதியில்லாமல் கிடந்தவர்களுக்குக் கிடைக்காமல் போனதும் உண்டு. ரத்த உறவைப் பார்த்தால் இப்படித்தான் ஆகும், உண்மையான உறவை அளக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் உட்கார்ந்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் உறவுமானி.

நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். பாச வார்த்தையை யாரும் நடித்துவிடலாம் என்பதால் மானி அதைக் கண்டுகொள்ளாது. ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கே விழுவது, பாதி வாக்கியத்திலேயே மீதியைப் புரிந்துகொள்வது, மரியாதை விகுதிகளை விழுங்குவது, எல்லாவற்றுக்கும் மேலாக, வந்த கோபம் எத்தனை வேகமாக இறங்குகிறது என்பது: இவற்றைத்தான் அது காதுகொடுத்துக் கேட்டது. மூன்றாம் மனிதரிடம் யாரும் 'மூதி' என்று திட்டிவிட்டு அடுத்த மூச்சில் 'காப்பி குடிக்கியா' என்று கேட்பதில்லை அல்லவா? சுருங்கச் சொன்னால், மரியாதை எவ்வளவு குறைவோ உறவு அவ்வளவு அதிகம். மானி தப்பே செய்யவில்லை. உறவு எத்தனை நெருக்கம் என்று துல்லியமாகச் சொன்னது. அந்த உறவுக்கு முதுகு நன்றாக இருக்கிறதா என்று மட்டும் அதற்குக் கேட்கத் தெரியாது.

இரட்டையர் சண்டை எல்லாம் கட்சிச் சண்டைதான். தர்ஷன் தன்கால் கட்சி. அவரவர் காலில் அவரவர் நிற்க வேண்டும் என்பது அதன் கொள்கை. உறவு உள்ளவருக்கு உதவி இல்லை என்ற விதியைக் கொண்டுவந்ததே அந்தக் கட்சிதான். ஹாசினி பொதுக்கூரை இயக்கம். கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடு என்பது அவர்கள் கோஷம்.

இளவெயினி போன கையோடு ஹாசினி ஆரம்பித்தாள். "நல்லா ஓட்டுப் போட்டல்லா. இப்ப ஒன் கூடப்பொறந்தவ தலையிலயே வந்து விழுந்திருக்கு."

"ஏட்டி, எல்லாருக்கும் தாங்கி குடுத்தா கரண்டுக்கு எங்க போறது? கடல் தண்ணியையா ஊத்துவ?"

"ஒங்க தலைவர் வீட்டுல வாசலுக்கு ஒரு தாங்கி நிக்கே, அதுக்கு எந்தத் தண்ணிய ஊத்துதான்ல?"

"அது அவர் சொந்தக் காசு!"

"கோட்டிக்காரா, சொந்தக் காசு எங்க இருந்துல வந்துச்சு?"

சுவரில் வளையம் இன்னும் கொஞ்சம் சிவந்தது. தர்ஷன் அதைப் பார்த்துவிட்டு வாயை மூடினான். பிறகு அவளைத் தூக்கி நிறுத்தினான். தூக்கும்போது பல்லைக் கடித்ததை ஹாசினி பார்த்தாள். அதற்கப்புறம் அன்று அவள் கட்சியைப் பற்றிப் பேசவில்லை.

வழி சொன்னது பக்கத்து வீட்டு ஷெர்லின். அவள் வீட்டில் மாமியாருக்குத் தாங்கி வந்திருந்தது, அதே வீட்டில் மகனும் மருமகளும் இருக்கும்போதே. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றபடியே சொன்னாள்: "ரொம்ப லேசுக்கா. நீங்க, வாங்க, போங்கன்னு பேசிப் பழகுங்க. ஒருத்தர் பேசி முடிச்ச பொறவு இன்னொருத்தர் பேசணும். முக்கியமா, கட்சி பேசாதிய. கட்சி பேசுனா வேஷம் கலைஞ்சிரும்."

"உள்ள வந்து சொல்லேன் பிள்ளே."

"ஐயோ, வேண்டாங்கக்கா. அடிக்கடி வந்து போனா ஒங்க மானி என்னையும் உறவுன்னு சேத்துரும்."

அந்தத் தெருவே அப்படிப் பழகியிருந்தது என்பது ஹாசினிக்கு அன்றுதான் உறைத்தது. கொஞ்ச நாளாக எந்த வீட்டிலும் சத்தம் இல்லை. தேர்தல் நேரத்தில் அப்பனும் மகனும் தட்டை வீசியடிக்கும் வீடுகளில்கூட 'தங்கள் கருத்தும் சிந்திக்கத் தக்கதே' என்று கேட்டது. குடும்பங்களில் அரசியல் பகை ஒழிந்துவிட்டது என்று பத்திரிகைகள் தலையங்கம் எழுதின. ஓட்டு மட்டும் அவரவர் பழைய கட்சிக்கே போய்க்கொண்டிருந்தது.

மறு அளவுக்கு மனுப் போட்டுவிட்டு இரட்டையர் பழக ஆரம்பித்தார்கள். முதல் நாள் தர்ஷன் வாசலிலேயே இடறினான்.

"ஏட்— வணக்கம். சாப்பிட்டீங்களா?"

ஹாசினிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, "சாப்பிட்டேங்க. நீங்க?" என்றாள்.

"ஆச்சுங்க. தங்கள் உடம்பு?"

"தங்கள் தயவுல நல்லா இருக்குங்க."

இருவரும் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வயிறு நோகச் சிரித்தார்கள். ஆனால் எந்த வேஷமும் தினமும் போட்டால் தோலோடு ஒட்டிவிடும். சில வாரங்களில் சிரிப்பு நின்றது. வளையம் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கும், மஞ்சளிலிருந்து பச்சைக்கும் மாறியது. இளவெயினி வந்து பார்த்து, "தனியர்" என்று உறுதி செய்தாள். தாங்கி வந்தது. தாங்கி வீட்டில் இருக்கும்வரை மானியும் சுவரில் இருக்கும் என்பதுதான் நிபந்தனை.

தாங்கி நல்ல இயந்திரம். அதைக் குறை சொல்ல ஹாசினிக்கு மனம் வராது. அவள் அசைந்தாலே வந்து நிற்கும், வலிக்காமல் தூக்கும். தர்ஷனின் முதுகு தேறியது. அவன் குனிந்து செருப்பு மாட்டுவதைப் பார்த்தபோது அவளுக்குக் கண் கலங்கியது.

ஆனால் தூக்க வேண்டிய வேலை இல்லாமல் போனதும், வருவதற்கும் காரணம் இல்லாமல் போனது. இரு வேளை வந்தவன் ஒரு வேளை வந்தான். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவன், தட்டிவிட்டு 'வரலாங்களா' என்று கேட்டுக் காத்து நின்றான். இடைத்தேர்தல் வந்தது. தன்கால் கட்சியின் வேட்பாளர் மேடையில் மயங்கி விழுந்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு போன செய்தி ஊரெல்லாம் சிரிப்பாய்ச் சிரித்தது. ஹாசினி நாக்கைத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தர்ஷன் வந்தான், உட்கார்ந்தான். "எல்லாக் கட்சியிலயும் நல்லவங்க இருக்காங்கங்க" என்றான். காப்பியைக் குடித்துவிட்டு, கும்பிட்டுப் போனான். ஹாசினி அன்று வெகுநேரம் அழுதாள். அழுகைச் சத்தம் மானியின் கணக்கில் வராது.

ஒரு செவ்வாய்க்கிழமை தாங்கியைப் பராமரிப்புக்கு எடுத்துப்போனார்கள். மாலைக்குள் கொண்டுவந்துவிடுவோம் என்றார்கள். திடீரென்று தூறல் விழவே, ஜன்னலைச் சாத்தப்போன ஹாசினி ஈரத்தில் வழுக்கி உட்கார்ந்தவாக்கில் விழுந்தாள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. கைபேசி மேசைமேல் இருந்தது. சாரல் அவள் மேலேயே அடித்தது.

கதவு தட்டும் ஓசை கேட்டது. "வரலாங்களா?"

தர்ஷன்! ஹாசினிக்கு உயிர் வந்தது. அலறப் போனவள் சுவரைப் பார்த்தாள். பச்சை வளையம். ஒரு அலறல் போதும், அது சிவந்துவிடும், தாங்கி போய்விடும். மறுபடி அவன் முதுகு. குரலை நிதானமாக்கிக்கொண்டு சொன்னாள்: "கொஞ்சம் உள்ள வர முடியுமாங்க?"

"அவசரம் ஒண்ணும் இல்லீங்களே? மழை வலுக்குறதுக்குள்ள கடைக்குப் போகணும். ஒங்களத் தொந்தரவு பண்ண வேண்டாம். பொறவு வாரேங்க."

"சரிங்க" என்று அவள் வாய் சொன்னது. பழக்கம். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்றே தெரிந்தது.

செருப்புச் சத்தம் படி இறங்கியது. தாழ் போடாத கதவு. தன்னோடு பிறந்தவன், ஒரு தள்ளு தள்ளினால் தன்னைப் பார்த்துவிடுவான், தொந்தரவு கொடுக்கக் கூடாதென்று போகிறான். ஹாசினிக்கு எங்கிருந்தோ ஒரு ஆத்திரம் வந்தது. விழுந்துவிட்டேன் என்று கத்தியிருக்கலாம். அவள் கத்தியது வேறு.

"ஏலே கோட்டிக்காரா! தூக்கிட்டுப் போக நாலு ஆள் வேணும், அதுக்குப் பேரு தன்கால் கட்சியால!"

படியில் செருப்பு நின்றது.

"ஏட்டி! யாரப் பாத்து என்ன சொல்லுத? அவருக்குச் சர்க்கரை கொறஞ்சு போச்சுட்டி!" கதவு படாரென்று சுவரில் மோதியது. இன்னும் ஏதோ சொல்ல வந்தவன் அவளைத் தரையில் பார்த்தான். "எத்தன நேரமாட்டி கெடக்க, மூதி? வாயத் தொறந்து சொல்ல மாட்டியா?"

"சொன்னேன். நீங்கதாங்க கடைக்குப் போனீங்க."

அவன் குனிந்து அக்குளில் கைகொடுத்து, பழையபடி ஒரே தம்மில் தூக்கினான். பாதி தூரம் வந்தது. பிறகு அவன் முகம் வெளுத்தது. மெதுவாக அவளை இறக்கி, தானும் அவள் பக்கத்திலேயே சரிந்து உட்கார்ந்தான். எழப் பார்த்தான். இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

"ஒங் கைபேசி?" என்றாள் ஹாசினி.

"வீட்டுல. ஒன்னோடது?"

"மேசைமேல."

இருவரும் மேசையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது தர்ஷன். சிரித்தால் முதுகு வலித்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. அத்தனை மாதத்துச் சிரிப்பு.

சுவரில் வளையம் சிவந்துகொண்டே போக, மானி கனிவான குரலில் பேசியது. "நெருங்கிய உறவு உறுதிசெய்யப்பட்டது. நீங்கள் தனியர் அல்லர். தாங்கி வேறொருவருக்கு ஒதுக்கப்படுகிறது. மகிழ்ச்சி."

"இப்பச் சொல்லுல" என்றாள் ஹாசினி. "ஒங்க கட்சி போட்ட சட்டம் சரியா?"

தர்ஷன் நனைந்த தரையில் கையை ஊன்றியபடி உண்மையாகவே யோசித்தான். "சட்டம் சரிதாம்ட்டி" என்றான். "நம்ம ரெண்டு பேருக்கும்தான் சரிப்படல."

"மண்ணாங்கட்டி. அந்த ரெண்டு பேரத்தாம்ல சட்டம் பாக்கணும்!"

"ஒவ்வொருத்தருக்கும் ஒரு சட்டம் போட முடியுமாட்டி?"

"ஏன் முடியாது? ஒவ்வொருத்தர் வீட்டுலயும் ஒரு மானி மாட்ட முடியுதுல்லா?"

சத்தம் ஏறியது. மழையை மீறிக்கொண்டு தெருவுக்கே கேட்டது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. ஷெர்லினின் தலை தெரிந்தது.

"என்னக்கா சத்தம்?"

"ஷெர்லின்! நான் விழுந்துட்டேன். கொஞ்சம் வந்து தூக்கிவிடு பிள்ளே!"

ஷெர்லின் பதறித்தான் போனாள். பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாக நின்று, "உள்ள ஆம்பளக் குரல் கேட்டுச்சே, யாருக்கா?" என்றாள்.

"எங்கூடப் பொறந்தவன்தான். அவனும்…"

"அப்பாடா" என்று நெஞ்சில் கைவைத்தாள் ஷெர்லின். அவள் முகத்தில் இருந்தது உண்மையான நிம்மதி. "நான் பயந்தே போனேன். அதான் அவங்க இருக்காங்கல்லாக்கா, பொறவென்ன?"

சாரல் உள்ளே அடிக்காதபடி ஜன்னலை மெதுவாகச் சாத்திக்கொண்டாள்.