நான்கு விரற்கடை ஆறு

காலை ஆறு மணிக்குத் தண்ணீர்ப் பொறுப்பாளர் சுதாரத் நீர்ப்பைகளை வழங்கத் தொடங்கினாள். ஆளுக்கு இரண்டு லிட்டர். உறிஞ்சுகுழல் பொருத்தி முத்திரையிட்ட பை. நிலவின் பாறைக்குள் குடைந்த அந்தத் தாய்லாந்துக் குடியிருப்பில் முந்நூறு பேர் இருந்தார்கள். திறந்த நீர் அங்கே குற்றம். சிந்தும் துளி மெதுவாகப் பறந்து கருவிகளுக்குள் புகுந்துவிடும். அங்கேயே பிறந்தவர்கள் தண்ணீரின் உருவமே பைதான் என்று நினைத்திருந்தார்கள்.

“இன்னைக்கு லாய் கிரதோங் பண்டிகைம்மா,” என்றார் சுரங்கத் தொழிலாளி பிரசர்ட். “பூமியில பௌர்ணமி. ஆத்துல விளக்கு விட்டு, வருஷம் பூரா அழுக்காக்கினதுக்குக் கங்கைத் தாய்கிட்ட மன்னிப்புக் கேப்போம். ஒரே ஒரு மணி நேரம், சின்னதா ஒரு வாய்க்கால்...”

“தண்ணிக்குப் பனி வெட்டுற எந்திரம் நின்னு ரெண்டு மாசமாச்சுண்ணே. தொட்டியில இருந்து ஒரு சொட்டு தர முடியாது.”

அவர் தன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வேலை முடிந்ததும் முந்நூறு பேரும் அவள்முன் வந்து நின்றார்கள். எல்லோர் கையிலும் பாதி குடிக்காத பை. உதடுகள் வெடித்திருந்தன.

“தொட்டித் தண்ணியைக் கேக்கல. இது நாங்க குடிக்காதது,” என்றார் பிரசர்ட்.

சுதாரத் தன் பையைக் கொண்டுவந்து, முதல் ஆளாகப் பிரித்து ஊற்றினாள்.

அவர்கள் தார்ப்பாய் விரித்து வைத்திருந்த பள்ளத்தில் நீர் பட்டுத்துணி அவிழ்வதுபோல நிதானமாக இறங்கியது. இருபதடி நீளம், நான்கு விரற்கடை ஆழம். கூரை விளக்குகளை அணைத்தார்கள். பிரசர்ட்டின் மகள் கன்யா, அங்கேயே பிறந்த இருபத்திரண்டு வயதுக்காரி, ரொட்டியில் செய்த தெப்பத்தில் கடுகளவு விளக்கை ஏற்றி நீரில் தள்ளினாள். எழுந்த அலை கணுக்கால் உயரத்துக்கு நிமிர்ந்து, சற்றே நின்று, சாய்ந்தது. பாறைக்கூரை முழுவதும் ஒளி நெளிந்தது.

“இதுக்கு உயிர் இருக்காக்கா?” என்றாள் கன்யா.

பதினோரு ஆண்டுகளாகத் தண்ணீரை அளந்த சுதாரத், முதன்முறையாக அதில் கையை நனைத்தாள். பைகளில் அடைத்ததற்கெல்லாம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டாள்.

ஒரு மணி நேரம் முடிந்தது. வடிகாலைத் திறந்தாள். ஆறு மெலிந்து நகர, கன்யா தன் விளக்கின் கூடவே நடந்தாள்.

“எங்கக்கா போகுது?”

வடிகட்டிக்கு என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

“கடலுக்கு,” என்றாள் சுதாரத்.

கூட்டத்தில் ஒருவர்கூட அவளைத் திருத்தவில்லை.