உள்ளே ஆள் இல்லை

குளிர் அறைக்குள் இருந்தது அவள் ஒருத்திதான். ஆனால் சுவரில் இருந்த சின்னத் திரை 'உள்ளே ஆள்: 2' என்று காட்டியது.

புது அப்டேட்தானே, வந்த அன்றே ஒழுங்காக எண்ணிவிடுமா என்று அவள் சிரித்துக்கொண்டாள். குளிர்க்கிடங்குக் கதவுகளை ஆட்டிவைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வந்த அப்டேட் அது. உள்ளே ஆள் இருந்தால் கதவு பூட்டிக்கொள்ளக் கூடாது, குளிர்காற்று விசிறி ஓடக் கூடாது. அவள் சோதித்துச் சரி சொன்னால் எல்லாக் கிடங்குகளுக்கும் போய்விடும். பெட்டியை மட்டும் நம்பிச் சோதிக்க வேண்டுமென்று உள்பக்கக் கைப்பிடியைக் கழற்றி வெளியே வைத்துவிடுவது அவர்கள் வழக்கம். வெளியேதான் ஒருத்தர் காவலுக்கு இருக்கிறாரே!

இன்றைக்குக் காவல், கூட வேலை பார்க்கிற ராக்கெட். எதற்கெடுத்தாலும் பறப்பதால் அந்தப் பெயர். சுவரில் இருந்த இன்டர்காமில் அவனைக் கூப்பிட்டு, இது தப்பாக எண்ணுகிறது, தேறாது என்று சொல்லிவிட்டு, கதவைத் திறக்கச் சொன்னாள்.

பின்சுவரோரம் குனிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கதவின் ரப்பர் பிசுபிசுவென்று விலகுவதும், யாரோ காலைத் தரையில் தேய்த்தபடி தன் முதுகுக்குப் பின்னால் கடந்துபோவதும், ஈரத்துணி வாடையோடு ஒரு சில்லிப்பு கழுத்தில் படுவதும், கதவு மறுபடி சாத்திக்கொள்வதும் அவள் கவனித்தும் கவனியாமலும் நடந்தன. நிமிர்ந்தாள். திரையில் 1.

ஓடிப்போய் இன்டர்காம் பட்டனை அழுத்தினாள்.

"கதவை ஏன் மூடினீங்க? நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்."

"யாருங்க பேசறது?" என்றான் ராக்கெட். குரல் இறங்கியிருந்தது. "மேடம் வெளிய வந்தாச்சே. என் பக்கத்துலதான் நிக்கிறாங்க."

"விளையாடாதீங்க. சத்தியமா நான்தான்."

அடுத்து வந்தது அவளுடைய குரலேதான்.

"அது நான் டெஸ்ட்டுக்குப் பதிஞ்சு வச்ச வாய்ஸ். ஆஃப் பண்ணிடுங்க."

இன்டர்காம் செத்தது. திரையில் 0. தலைக்கு மேல் விசிறி உறுமியது.

கதவைக் குத்தினாள். கத்தினாள். கைப்பிடி இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. விரலை விட்டுத் திருகினாள். நகம் பெயர்ந்தது. ஐயோ, என்னைத் திறந்து விடுங்களேன்.

கதவில் பதித்திருந்த சின்னக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். வெளியே மத்தியான வெயில் மேஜைமேல் கொட்டிக்கிடந்தது. பக்கத்தில் நின்ற உருவத்திடம் ராக்கெட் கணினியை நகர்த்திக் கொடுத்தான். அவள் சட்டை, அவள் பின்னல். அந்த விரல் 'சரி' என்பதை அழுத்தியது.

பிறகு நிதானமாகத் திரும்பிப் பார்த்தது.

அவள் முகம்தான். இமை மயிரெல்லாம் உறைபனி. அத்தனை வெயிலிலும் அது உருகவில்லை.