ஆறு மணித் திசை

காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடற்காகம் உட்காராது. பதினெட்டு வருடமாகக் கடற்பறவைகளைப் படமெடுத்துப் பிழைப்பவருக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கடல் எவ்வளவு கொந்தளித்தாலும், தண்ணீரில் மிதக்கும் பறவை அலகைக் காற்று வரும் பக்கம்தான் வைத்துக்கொள்ளும்; இல்லாவிட்டால் இறகெல்லாம் கலைந்து ஈரத்தில் விறைத்துப் போகும். இன்று மதியம், கரை மறைந்து அரை மணி நேரமான பிறகு, படகைச் சுற்றி வட்டமாக மிதந்த முப்பது நாற்பது பறவைகளும் படகையே பார்த்துக்கொண்டிருந்தன. காற்று வரும் பக்கம் இருந்தவற்றின் இறகுகள் பின்னாலிருந்து பிரிந்து தலைமேல் புரண்டன. அவை அசையவில்லை. படகு நகர்ந்தால் வட்டமும் கூடவே நகர்ந்தது.

"இதுங்க ஏன்டா இப்படிப் பாக்குது?"

"எங்கக்காவே பயந்து பயந்து பாக்குற மூஞ்சி அத்தான். அதுங்களுக்கு மட்டும் பயமா இருக்காதா?"

பின்பக்கம் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மச்சான் அவர் மனைவியின் ஒரே தம்பி. வாய் சும்மாவே இருக்காது. படகின் ஆட்டத்திலும் இரண்டு கையும் கேமராவுக்கே வேண்டும் என்பதால், அத்தானை முன்முனைக் கம்பத்தோடு பெல்ட் போட்டுக் கட்டி, முதுகுப் பக்கம் கொக்கியை மாட்டுவது அவன் வேலை. கழற்றுவதும் அவன்தான். பறவை எங்கே என்று கடிகாரக் கணக்கில் கத்துவான். பன்னிரண்டு என்றால் நேர் முன்னால், மூன்று என்றால் வலது கை, ஆறு என்றால் முதுகுக்குப் பின்னால்.

"கண்ண எடுக்காம அவனப் பாத்துக்குங்க," என்று மனைவி காலையில் சொல்லியிருந்தாள். கண்ணை லென்ஸிலேயே வைத்திருப்பவரிடம் சொல்லும் பேச்சா அது!

பக்கவாட்டில் ஒரு பெரிய அலை வந்து அறைந்தது. படகைத் தூக்கிப் போட்டது. பின்னால் ஏதோ தொப்பென்று விழுந்தது. மூக்கில் ஏறிய உப்புத் தண்ணீரை இருமித் துப்ப அவருக்குச் சற்று நேரமாயிற்று.

"மச்சான், இருக்கியா?"

எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "இருக்கேன்."

போன உயிர் திரும்பி வந்தது. அதே குரல்தான். "பத்து மணி," என்றது. இடது பக்கம் திருப்பி எடுத்தார். "பதினொன்னு." எடுத்தார். கேலி இல்லை, அத்தான் என்ற சொல்லும் இல்லை. பையன் பயந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் டீசல் வாடை போய்விட்டிருந்தது. அதற்குப் பதில் நாள்பட்ட பாசியும் சேறும் கலந்த நாற்றம் ஒன்று பின்னாலிருந்து, காற்றை எதிர்த்துக்கொண்டு வந்தது.

"போதும்டா. கரைக்குத் திருப்பு."

"பன்னெண்டு மணி."

நேரே பார்த்தார். அலை. நுரை. பறவை வட்டத்துக்கு அப்பால் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஏறி இறங்கியது. லைஃப் ஜாக்கெட். ஒரு தலை. லென்ஸைத் திருகினார். முகம் தெளிந்தது.

மச்சான்.

நெற்றியில் ரத்தம். வாயைத் திறந்து திறந்து கத்துகிறான், ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கை மட்டும் தண்ணீருக்கு மேலே. காப்பாற்று என்று அது ஆடவில்லை. நீண்டு சுட்டிக்காட்டியது. அத்தானுக்குப் பின்னால்.

"நேரா ஓட்டு," என்றார், யாரிடம் என்று தெரியாமல். "தயவு செஞ்சு நேரா ஓட்டு."

படகு மெல்லத் திரும்பியது. மச்சானை விட்டு விலகி. அவன் ஒரு மணித் திசைக்குப் போனான். இரண்டு மணிக்குப் போனான். லென்ஸ் அவனை விடவில்லை. இந்தக் கண்ணை எடுத்தால் அவன் போய்விடுவான். மனைவிக்கு என்ன பதில் சொல்வது? ஒரு கையால் லென்ஸைத் தாங்கி, மறு கையால் முதுகில் கொக்கியைத் துழாவினார். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம். பிடித்துவிட்டார். விரலில் சில்லென்று ஏதோ பட்டது. அவர் விரல்களை ஒவ்வொன்றாக, பொறுமையாக, கொக்கியிலிருந்து விலக்கியது.

"ஆறு மணி," என்றது குரல்.

காதருகே.

திரும்பவில்லை. திரும்ப மாட்டார். லென்ஸுக்குள் மச்சான் கத்திக்கொண்டிருந்தான். மூடாத இன்னொரு கண்ணின் ஓரத்தில், தோளுக்கு மேலாக, வெளுத்து ஊறிய ஒரு கை வந்தது. லென்ஸை ஒட்டியே நீண்டது. மணிக்கட்டு. முழங்கை. முழங்கைக்கு அப்புறமும் கை. இன்னும் கை. எஞ்சின் இருக்கும் இடத்திலிருந்து ஒரே சீராக வந்துகொண்டே இருந்தது. லென்ஸின் நுனியை எட்டியது. உள்ளங்கையை விரித்தது.

மச்சான் இருந்த இடம் விளிம்பிலிருந்து கறுக்கத் தொடங்கியது. அவன் கை மட்டும் கடைசிவரை தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.