நீலம் காட்டாத பித்தளை

வெள்ளிக்கிழமை கரைபனி தெளிக்கப்போகிறார்கள் என்று மாவுத்தம்பாளையம் முழுக்க ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டு போனது. மூச்சில் ஏறினாலும் மனுஷருக்கு ஒன்றும் ஆகாது, பயிருக்கும் மாட்டுக்கும் கேடில்லை, காயப்போட்ட துணியைக்கூட எடுக்க வேண்டாம். பனி தேடிப்போவது தோட்டாக்களை மட்டும்தான். வாரக்கணக்கில் காற்றில் நிற்கும். எந்த அறையில் பூட்டி வைத்திருந்தாலும் என்றைக்காவது ஒருநாள் கதவைத் திறந்துதானே ஆக வேண்டும்? திறந்ததும் உள்ளே புகுந்து, தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பச்சைப் பொடியாக்கிவிடும்.

கனிஷ்கா தன் வார்ப்படப் பட்டறை வாசலில் நின்று அதைக் கேட்டாள். இந்தப் பனி வேண்டும் என்று வீடு வீடாய்ப் போய்க் கையெழுத்து வாங்கியவள் அவள்தான். தண்ணீர் சுருங்கிப்போன காலத்தில் அணைக்கும் கிணற்றுக்கும் காவல் கம்பெனிகள் வந்தன, கம்பெனிகளோடு துப்பாக்கிகள் வந்தன. மூன்று வருஷத்துக்கு முன் மதகைத் திறக்கச் சொல்லிக் கேட்கப் போன கூட்டத்தில் அவள் தம்பி தருணும் போனான். போனவர்கள் திரும்பி வந்தார்கள். தருண் வரவில்லை.

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அந்தத் துப்பாக்கிய வெச்சு அவனுக என்ன பண்ணுவானுக? மாடு மேய்ப்பானுகளா?" என்றார் சனாதன், ஊதுலையின் விசிறியைத் துடைத்தபடி. அவருடைய அப்பா ஒடிசாவிலிருந்து வந்தவர். சனாதன் பிறந்தது இந்தப் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற வரிசை வீட்டில். ஒடியா பேசச் சொன்னால் சிரித்துவிடுவார்.

"மாடாச்சும் நிம்மதியா மேயும், விடுங்கண்ணா. வெளக்கக் கொண்டாங்க. இருப்புக் கணக்கு இன்னிக்கே சொல்லோணும்."

விளக்கு என்றது நீலக்கண். கரைப்புத் திட்ட அலுவலகத்திலிருந்து ஒவ்வொரு பட்டறைக்கும் ஒன்று கொடுத்திருந்தார்கள். தோட்டாவுக்குப் போகும் பித்தளையில் குறித்தாது என்ற ஒன்றைச் சிட்டிகையளவு கலக்க வேண்டும் என்று சட்டம் வந்து வெகு காலமாகிவிட்டது. நீலக்கண்ணைக் காட்டினால் குறித்தாது உள்ள பித்தளை நீலமாய் மினுங்கும். கரைபனியில் மிதந்து பித்தளையைத் தின்னும் நுண்தின்னிகளுக்கும் அந்தத் தாதுதான் வழிகாட்டி.

பட்டறையின் மூலையில் கூடுகள் குவிந்துகிடந்தன. புதுத் தோட்டாவுக்கு வரி அதிகம் என்பதால் கம்பெனிகள் சுட்ட கூட்டையே திரும்ப நிரப்பின. அடியில் இருக்கும் வெடித்தொப்பியைத் தட்டியெடுத்து, வாயை நெருக்கி, புதுத் தொப்பியும் மருந்தும் குண்டும் வைத்தால் மறுபடியும் தோட்டா. சில தடவை சுட்டதும் கூட்டின் கழுத்து விரிசல் விட்டுவிடும், பிறகு நிரப்ப முடியாது. சட்டம் நல்ல கூட்டைப் பற்றி விலாவாரியாகப் பேசியதே ஒழிய, விரிசல் விட்ட கூட்டைப் பற்றி ஒரு வரியும் சொல்லவில்லை. அதெல்லாம் காயலான் கடை வழியாகக் கனிஷ்காவைப் போன்றவர்களிடம் வந்து சேர்ந்தது. அவள் அதை உருக்கிக் குழாயும் வால்வும் வார்த்தாள்.

சனாதன் விளக்கைக் குவியலில் காட்டினார். மொத்தமும் நீலமாய் மினுங்கியது. "நம்ம தீவாளி," என்று சொல்லிக்கொண்டே விளையாட்டாய் விளக்கை எதிர்ச்சுவரின் அலமாரிப் பக்கம் திருப்பினார்.

அலமாரியும் மினுங்கியது.

அங்கே இருந்தவை மாதிரிக்கு எடுத்துவைத்த வார்ப்புகள். தெருக்குழாய், பம்புசெட்டு வால்வு, தாலுகா ஆஸ்பத்திரியின் ஆக்சிஜன் குழாய் வரிசைக்குச் செய்துகொடுத்த சின்ன வால்வு.

"உருக்குனா அந்தத் தாது போயிரும்னுதானுங்க நெனச்சோம்?" என்றார் சனாதன். சிரிப்பு போய்விட்டது. "கசடோட வழிச்செடுத்துருவமே எல்லாத்தையும்."

"போகலண்ணா. அப்படியே இருக்குது."

ஆக்சிஜன் வரிசைக்கு இரும்பு ஆகாது. ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். அதனால்தான் பித்தளை. வெள்ளிக்கிழமை பனி இறங்கினால் அந்த வால்வுகள் பொடியாகும். வார்டில் மூச்சுக்கு முகமூடி போட்டுப் படுத்திருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

தருணின் மனைவி மிருதுளா மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, தூக்குப்போசியின் மூடியை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

"அண்ணி, நீங்க போய் இதைச் சொன்னா நிறுத்திருவாங்க."

"நிறுத்தத்தான் செய்வாங்க."

"அப்போ சொல்லாதீங்க. ஆஸ்பத்திரி வால்வ மட்டும் சத்தமில்லாம மாத்திருங்க. தெருக்குழாய் போனாப் போகுது, குடத்தத் தூக்கிட்டு நடக்கறது நமக்கென்ன புதுசா? இந்த வெள்ளிக்கிழமைய விட்டா அவனுக மறுபடி நமக்குக் கெடைக்க மாட்டானுக."

அதில் நியாயம் இருந்தது. வால்வை மாற்ற வேண்டுமானால் குறித்தாது இல்லாத சுத்தப் பித்தளை வேண்டும். வீட்டில் புழங்கிய பழைய அண்டா, குடம், குத்துவிளக்கு எல்லாம் சுத்தப் பித்தளைதான். கனிஷ்கா வண்டியை எடுத்துக்கொண்டு பாத்திரக் கடைகளுக்குப் போனாள். எங்கேயும் இல்லை. ஒரு கடைக்காரர் அவளையே வெறித்துப் பார்த்தார்.

"ஏனுங்க, பழைய பித்தள இருந்ததெல்லாம் உங்க மாதிரிப் பட்டறைக்காரங்கதானுங்க தோட்டாக் கூட்டுக்கு மாத்திக் குடுத்தீங்க? இப்ப எங்ககிட்ட வந்து கேட்டா?"

அது உண்மை. ஓரிரு வருஷமாகவே கூடு கொண்டுவரும் ஆட்கள் காசு கேட்பதில்லை. பழைய அண்டா ஒன்று கொடுத்தால் அதைப்போல ஒன்றரை மடங்கு எடைக்குக் கூடு கொடுத்தார்கள். உருக்கினால் எல்லாம் ஒரே பித்தளை, இவர்கள் எதற்கு நட்டத்துக்கு மாற்றுகிறார்கள் என்று அவளும் சனாதனும் அவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்திருக்கிறார்கள். கிறுக்கர்கள் என்றுதான் அவர்களுக்குப் பேர்.

வண்டியைத் திருப்பிக் கரைப்புத் திட்ட அலுவலகத்துக்கு விட்டாள். மிருதுளாவிடம் சொல்லாமல்தான் போனாள்.

பொறியாளர் ரூபேஷ் சென்னைக்காரர். பனித் தொட்டியின் அளவுமானிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஆஸ்பத்திரி வால்வை மேஜையில் வைத்து விளக்கைக் காட்டியதும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"இது எத்தனை ஊர்ல இருக்கும் மேடம்?"

"கூடு உருக்கற ஊர்ல எல்லாம் இருக்குமுங்க. ஆனா நான் வந்தது இதுக்கு மட்டும் இல்லீங்க. கம்பெனிக்காரங்ககிட்ட புடிச்ச தோட்டா ஏதாச்சும் உங்ககிட்ட இருக்குதுங்களா? இந்த மாசம் புடிச்சது?"

"இருக்கு. எதுக்கு?"

"அதுல வெளக்கக் காட்டுங்க."

அவர் பெட்டகத்திலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். புத்தம் புதுத் தோட்டாக்கள், மஞ்சளாய், நேர்த்தியாய் இருந்தன. நீலக்கண்ணைக் காட்டினார். ஒன்றும் மினுங்கவில்லை. விளக்கில் கோளாறோ என்று வால்வின் மேல் காட்டினார், அது நீலமாய் மினுங்கியது. மறுபடி தோட்டாவில் காட்டினார். அது மஞ்சளாகவே இருந்தது.

ரூபேஷ் புத்திசாலி. அதற்கு மேல் அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பனி வரப்போகுதுன்னு ரெண்டு வருஷம் முன்னாடி நாங்க அறிவிச்ச அன்னிக்கே ஆரம்பிச்சிருக்காங்க," என்றார் மெதுவாக. "குறி இருக்கறதை எல்லாம் உங்க தலையில கட்டிட்டு, உங்க வீட்டு அண்டாவை வாங்கித் தோட்டா பண்ணிக்கிட்டாங்க. வெள்ளிக்கிழமை நான் பனியைத் திறந்தா, ஊர்ல இருக்கற குழாயெல்லாம் கரையும். துப்பாக்கி மட்டும் அப்படியே இருக்கும்."

வெளியே ஒலிபெருக்கி வண்டி போனது. துணி காயப்போட்டிருந்தால் எடுக்க வேண்டாம்.

"ஏனுங்க சார், பனியே இல்லைன்னு ஆயிட்டா அவனுக என்ன பண்ணுவானுக?"

"என்ன பண்ணுவாங்க?"

"சுத்தப் பித்தளைக்கு எதுக்குங்க ஒண்ணரை மடங்கு குடுக்கறானுக? பயந்துதான. பயம் போயிட்டா எது சல்லிசா கெடைக்குதோ அதைத்தான வாங்குவானுக. நான் கழட்டிப் போடற பழைய குழாய் சல்லிசுங்க. அது தோட்டாவாப் போகும். அவங்க விரிசல் விட்ட கூடு, நம்ம அண்டால பண்ணுன அந்தச் சுத்தக் கூடு, எங்கிட்ட வரும். நான் அதுல வால்வு ஊத்துவேன்."

ரூபேஷ் அவளைப் பார்த்தார். "அப்புறம் ஒருநாள் சொல்லாம பனியைத் திறக்கணும்."

"சொல்லாமத் தெறக்கோணும்."

"அதுவரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது மேடம். உங்க வீட்டுலயும்."

அவள் தலையாட்டினாள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை ஊர் மந்தையில் பந்தல் போட்டிருந்தது. திட்டம் தோல்வி, நுண்தின்னிகள் வெயிலில் செத்துப்போகின்றன என்று ரூபேஷ் மேடையில் அறிவித்தார். சாக்கடை ஓரமாகத் தொட்டியைத் திறந்துவிட்டார்கள். அதில் இருந்தது வெறும் தண்ணீர் என்பது அவருக்கும் கனிஷ்காவுக்கும் மட்டும் தெரியும். இனிக் குறித்தாதுச் சட்டமும் இல்லை என்றார்கள். காவல் கம்பெனிக்காரர்கள் சீருடையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்கள்.

கையெழுத்துப் போட்ட பெண்கள் கனிஷ்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். மிருதுளா மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"நீங்க அந்த ஆபீசுக்குப் போயிட்டு வந்ததைப் பாத்தவங்க இருக்காங்க அண்ணி."

"ஆமா, போனேன். வால்வு விஷயம் சொன்னேன்."

"நான் சொல்லாதீங்கன்னேன்."

"மிருது..."

"பரவால்ல. இனி நான் நேராவே போய் மதகுல நின்னு கேட்டுக்கறேன். நீங்க குழா ஊத்துங்க."

சொன்னதைச் செய்தாள். திங்கட்கிழமைதோறும் இன்னும் சில பேரைச் சேர்த்துக்கொண்டு அணைக்கு நடந்தாள். பதாகை, தண்ணீர் பாட்டில், தருணின் படம். சாப்பாடு கொண்டுவருவது நின்றுபோனது.

கனிஷ்கா நினைத்தபடியே நடந்தது. பழைய பாத்திரத்தின் மவுசு விழுந்தது. அவள் ஊர்க்குழாய்களை ஒவ்வொன்றாய்க் கழற்றி இரும்பில் புதிது மாட்டினாள். கழற்றியதை ஏற்றிக்கொண்டு போக ஆட்கள் வந்தார்கள். ஆனால் அவர்கள் இறக்கிவிட்டுப் போகும் கூடு ரொம்பக் குறைச்சல். சில வாரம் சாக்கின் அடியில் நாலு கைப்பிடிதான் இருந்தது.

"இப்படி வந்தா ஆஸ்பத்திரி வால்வு எப்ப முடியறதுங் அம்மிணி? எம் பேரன் கல்யாணத்துக்கா?" என்றார் சனாதன். அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது. உலைக்கு முன்னால் நிற்பவரிடம் எதை உருக்குகிறோம் என்பதை மறைக்க முடியாது.

"ஏன் வர மாட்டேங்குது?"

"சுட்டாத்தானுங்க வரும். ஒரு கூடு விரிசல் விடோணும்னா ஏழெட்டுத் தடவ வெடிக்கோணும். பனி பயம் போனதும் அவனுக நிம்மதியா இருக்கறானுக. மைதானத்துப் பக்கமே போறதில்ல. சும்மா அடுக்கி வெச்சிருக்கற தோட்டா எந்தக் காலத்துல கூடாகி நம்மகிட்ட வர்றது?"

கம்பெனியின் பயிற்சி மைதானம் பட்டறைக்கு மேற்கே, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். தருண் போன பிறகு அங்கே சத்தம் கேட்டாலே கனிஷ்கா ஜன்னலைச் சாத்திவிடுவாள். இப்போது ஜன்னலைத் திறந்துவைத்தாள். காலையில் நாலைந்து வெடி கேட்டால் அன்றைக்கு நல்லபடியாய்ப் போகும் என்று தோன்றியது. மழை பிடித்துக்கொண்டு பயிற்சி நடக்காத வாரம் எரிச்சலாய் வந்தது. ஒருமுறை பேருந்தில் ஒரு காவலன் பக்கத்தில் உட்கார்ந்தபோது, "ஏனுங், இப்பெல்லாம் பயிற்சி எடுக்கறதில்லீங்களா?" என்று கேட்டேவிட்டாள். அவன் ஏதோ குற்றம் கண்டுபிடித்துவிட்டாள் போலிருக்கிறது என்று பயந்து, தினமும் எடுக்கிறோம் என்று பொய் சொன்னான்.

ஆடி மாதத்தில் ஒரு முற்பகல். சனாதன் உருக்குக் கலமான மூசையை உலையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். உள்ளே உருகிய பித்தளை, யார் வீட்டு அண்டாவோ, தளதளவென்று நின்றது. அச்சுகள் வரிசையாய்க் காத்திருந்தன. கொட்டுவதற்கு அவர் கையைச் சாய்த்தபோது தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டது.

ஒன்று. அப்புறம் இரண்டு மூன்று சேர்ந்து. அப்புறம் நிற்காமல் ஒரு சரம்.

"கேட்டீங்களாண்ணா?" என்று சிரித்தாள் கனிஷ்கா. இவ்வளவு காலத்தில் இவ்வளவு நீளமாய்க் கேட்டதில்லை. அவள் மனம் அதற்குள் சாக்கை நிரப்பி, கூட்டை உருக்கி, ஆஸ்பத்திரிக் கீழ் வார்டின் கடைசி வால்வையும் மாட்டி முடித்திருந்தது. "இப்படி நாலு நாளு சுட்டாப் போதும்!"

சனாதன் கொட்டவில்லை. மூசையை மெல்ல மணலில் இறக்கிவைத்துவிட்டு விசிறியை நிறுத்தினார். இரைச்சல் அடங்கியதும் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது தெளிவாய்த் தெரிந்தது.

"அம்மிணி," என்றார். "அது மைதானம் இல்லீங். மதகுப் பக்கம்."

அன்று திங்கட்கிழமை. கனிஷ்கா வாசலை நோக்கி ஓடினாள். முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் அப்படியே இருந்தது. அதை எப்படி எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.