சுவருக்குள் ஒரு சொத்து வரி!

போன் அடித்தது.

எழிலரசி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். அவளுடைய போன் மேஜை மேல் வாய் மூடிக் கிடந்தது. கணவன் அறிவழகனின் போன் ஆணியில் தொங்கிய சட்டைப் பையில் இருந்தது. அதுவும் கப்சிப்.

ட்ரிங்... ட்ரிங்...

சமையலறைச் சுவருக்குள்ளிருந்து அல்லவா கேட்கிறது!

சுவரில் காதை வைத்தாள். பட்டென்று நின்றுவிட்டது.

அறிவழகன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது வீடு நல்ல பிள்ளையாக அமைதியாக இருந்தது. அவன் பெருமூச்சு விட்டான். கடலூர் புதுப்பாளையத்தில் இந்த வீட்டை வாங்கிக் குடிவந்த நாளிலிருந்து இதே ரோதனை. வைத்த இட்லி குறைகிறது என்பாள். பால் குறைகிறது என்பாள். காயப்போட்ட நீலக் கட்டம் போட்ட லுங்கி காணோம் என்பாள். இப்போது சுவர் போன் பேசுகிறது!

"மாமா, சத்தியமா அடிச்சுது."

"எனக்குப் பயமா இருக்குது எழிலு. வூட்டப் பாத்து இல்ல. உன்னப் பாத்து."

எழிலரசிக்குக் கண் கலங்கிவிட்டது. பரிசோதனைக் கூடத்தில் வருஷக்கணக்காக ஊரார் ரத்தத்தைச் சோதித்துச் சேர்த்த சம்பளமும், கழுத்தில் கிடந்த நகையும் சேர்ந்துதான் இந்த வீடு. இதைப் போய் அவன் விற்கத் தீர்மானித்துவிட்டான்! இங்கே இருந்தால் மனைவிக்கு மூளை கலங்கிவிடும் என்று பயம். பாசம்தான். ஆனால் முட்டாள் பாசம்.

குறிஞ்சிப்பாடி பார்ட்டி ஒருவர் அட்வான்ஸோடு தயார். ஒரே ஒரு நிபந்தனை. சொத்து வரி ரசீதில் அளவு சரியாக இருக்க வேண்டும்.

அங்கேதான் இடித்தது!

ஊருக்கு மேலே டிரோன் பறந்து அளந்த பிறகு புது வரி நோட்டீஸ் வந்திருந்தது. அறிவழகன் டேப்பைப் பிடித்து அறை அறையாக அளந்தான். கூட்டினான். பெரிய மனசு பண்ணி சுவர் கனத்தையும் சேர்த்துக்கொண்டான். அப்படியும் நோட்டீஸில் ஒரு முழு அறை ஜாஸ்தி. இல்லாத ரூமுக்கு வரியா என்று குதித்தான். ஆட்சேபணை மனு போட்டான். பில் கலெக்டர் வைத்திலிங்கம் இன்று மத்தியானம் நேரில் வந்து அளப்பதாகவும், பழைய பிளான் இருந்தால் எடுத்து வைக்கும்படியும் சொல்லியிருந்தார்.

பிளான் இருப்பது சிதம்பரத்தில், வீட்டை விற்ற மங்கலத்திடம். அறிவழகன் வீட்டில் காத்திருப்பது, எழிலரசி போய் வாங்கி வருவது என்று ஏற்பாடு.

மனு ஜெயித்தால் வீடு போய்விடும். தோற்றால் வீடு நிற்கும். அந்த மனுவுக்கு ஆதாரம் தேடிப் பஸ் ஏறுகிறவள் யார்? எழிலரசியே! என்ன கொடுமை பாருங்கள்.

சிதம்பரம். தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்து.

மங்கலத்தின் வீட்டைப் பார்த்து எழிலரசி வாயைப் பிளந்தாள். புத்தம் புது மாடி வீடு. கூடத்துச் சுவரில் மாலை போட்ட படம். மங்கலத்தின் கணவர் சடையப்பன். பல வருஷங்களுக்கு முன் தேவனாம்பட்டினம் கடற்கரையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கடலுக்குள் போனவர். உடம்பு கிடைக்கவே இல்லை.

மங்கலம் ஐம்பதைத் தொட்டவள். இட்லியும் கத்தரிக்காய் கொத்சுவும் வைத்து உபசரித்தாள். சிரித்துச் சிரித்துப் பேசினாள். இன்று மத்தியானம் ஆள் வந்து வீட்டை அளக்கப் போவதாக எழிலரசி சொன்னதும் அந்தச் சிரிப்பு செத்தது.

"இன்னிக்கேவா?"

"ஆமாக்கா. அதான் பிளானு கேட்டு வந்தேன்."

தேடிப் பார்ப்பதாகச் சொல்லி மங்கலம் உள்ளே ஓடினாள்.

அதே நேரம் எழிலரசியின் போன் துடித்தது. அறிவழகன்!

"எழிலு..." குரல் நடுங்கியது. "அடிக்குது."

"என்னாது?"

"போனு. சுவத்துக்குள்ள."

எழிலரசி நிமிர்ந்தாள். திறந்திருந்த கதவு வழியே மங்கலத்தின் முதுகு தெரிந்தது. அவள் காதில் போன்! எதிர்முனையில் யாரும் எடுக்கவில்லை போலும். எரிச்சலோடு கட் பண்ணினாள்.

"நின்னுடுச்சு," என்றான் அறிவழகன்.

மங்கலம் மறுபடி நம்பரை அழுத்தினாள்.

"ஐயோ, மறுபடியும் அடிக்குது. நான் ரோட்டுக்குப் போறேன்."

எழிலரசிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயத்தில் இல்லை. சந்தோஷத்தில்! எனக்குப் பைத்தியம் இல்லை... எனக்குப் பைத்தியமே இல்லை! தெற்கு வீதி நடுவில் நின்று ஒரு ஆட்டம் போடலாம் போலிருந்தது அவளுக்கு.

"எங்கியும் போவாதீங்க மாமா," என்று கிசுகிசுத்தாள். "டேப்ப எடுத்துக்குனு வெளிய வாங்க. வூட்டச் சுத்தி வெளிப்பக்கமா அளங்க."

மங்கலம் வெறுங்கையோடு திரும்பினாள். பிளான் எங்கேயோ தொலைந்துவிட்டதாம். அதனால் என்ன, தானே நேரில் வந்து அதிகாரியிடம் விளக்கிவிடுவதாகச் சொன்னாள். கையில் கொத்சு பார்சல் வேறு. யாருக்கென்று எழிலரசி கேட்டாள். வழியில் பசிக்கும் என்றாள் மங்கலம். பஸ் புதுச்சத்திரம் தாண்டி, ஆலப்பாக்கம் தாண்டி, கடலூரே வந்துவிட்டது. பார்சலை அவள் பிரிக்கவே இல்லை.

வீட்டு வாசலில் அறிவழகன் வெளிறிப் போய் நின்றான். கையில் டேப். பக்கத்தில் வைத்திலிங்கம் குடையோடு.

"நோட்டீஸு சரியாத்தான் இருக்குது," என்றார் வைத்திலிங்கம். "சாரு உள்பக்கமா அளந்துட்டாரு. இந்த வூடு வெளிய பெருசு, உள்ள சின்னது. நடுவுல ஒரு ரூமு எங்கியோ போயிருக்குது."

நால்வரும் உள்ளே போனார்கள். சமையலறையில் நின்று பார்த்தால் அந்தச் சுவருக்கு அப்பால் குளியலறை. குளியலறையில் நின்று பார்த்தால் அப்பால் சமையலறை. இத்தனை நாளும் இருவரும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று யார் யோசித்தது!

அது கனமான சுவர், வெயிலுக்குக் குளுமையாக இருக்கும் என்று கட்டியது என மங்கலம் சமாளித்தாள்.

"இம்மாங் கனமா? கோட்டையாம்மா கட்டுனீங்க?" என்றார் வைத்திலிங்கம்.

எழிலரசி கதவைச் சாத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள். அடுப்பைப் பற்ற வைத்தாள். இரும்புச் சட்டியைப் போட்டு இரண்டு கை காய்ந்த மிளகாயை அள்ளிக் கொட்டினாள்.

நெடி கிளம்பியது!

வைத்திலிங்கம் இருமினார். அறிவழகன் இருமினான். மங்கலம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்பை அணைக்கப் பாய்ந்தாள். எழிலரசி குறுக்கே நின்றாள்.

அப்போது...

ஹச்!

சுவர் தும்மியது!

ஹச்! ஹச்!

சமையலறை அலமாரியின் பின்பலகை படாரென்று விலகியது. டப்பாக்கள் உருண்டன. மார்பு வரை தாடி வளர்த்த ஓர் ஆள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்து விழுந்தான். இடுப்பில் நீலக் கட்டம் போட்ட லுங்கி.

தாடியை எடுத்துவிட்டு மாலையைப் போட்டால்... சிதம்பரத்துப் படம்!

சடையப்பன்!

செத்தவர் எழுந்து நின்றார். எழிலரசியைப் பார்த்து விரலை நீட்டினார்.

"ஏம்மா, குடித்தனக்காரவுங்கன்னா ஒரு மட்டு மரியாத வேணாம்? வூட்டு ஓனரு நானு. இப்படியா மிளகா வறுப்பீங்க?"

"நாங்க குடித்தனம் இல்லீங்க. இந்த வூட்ட வாங்கிட்டோம்."

சடையப்பன் காதில் கையைக் குவித்தார். "சத்தமா சொல்லு. காது மந்தம்."

"வாங்கிட்டோம். பத்திரம் எங்க பேருல இருக்குது."

சடையப்பன் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

"வாடகைக்கு விட்டுருக்கேன்னு சொன்னியே மங்கலம். என் பேருல இருக்கற வூட்ட நீ எப்பிடி வித்த?"

மங்கலம் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "நீங்கதான் செத்துட்டீங்களே."

அவ்வளவுதான். கதை மொத்தமும் கொட்டிவிட்டது. இன்ஷூரன்ஸ் பணத்துக்காக இருவரும் சேர்ந்து போட்ட திட்டம். காணாமல் போய் ஏழு வருஷம் ஆனால் இறந்ததாகத் தீர்ப்பு வாங்கலாம். அதுவரை இந்த ரகசிய அறையில் பதுங்கல். கேஸ் இழுக்கிறது, உள்ளேயே இருங்கள் என்று மங்கலம் போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். உண்மையில் தீர்ப்பு எப்போதோ வந்துவிட்டது. பணமும் வந்துவிட்டது. வாரிசு என்ற முறையில் வீட்டையும் விற்றாயிற்று. உள்ளே இருந்த புருஷனோடு சேர்த்து!

"சிதம்பரத்துல அக்கா புதுசா மாடி வூடு கட்டியிருக்காங்க," என்றாள் எழிலரசி.

"மாடி வூடா?"

சடையப்பன் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். எழிலரசிக்கு அவர் மேல் இருந்த இட்லிக் கோபம், லுங்கிக் கோபம் எல்லாம் கரைந்துவிட்டது. அடுப்பை அணைத்தாள். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். போலீஸ் வரும் வரை அவர் அழுதுகொண்டே கொத்சுவைத் தொட்டு இட்லி சாப்பிட்டார்.

ஜீப் இருவரையும் ஏற்றிக்கொண்டு போன பிறகு அறிவழகன் மனைவியின் எதிரே வந்து நின்றான்.

"உன்னப் போயி... மன்னிச்சுக்க எழிலு."

"மன்னிக்கறது அப்புறம். குறிஞ்சிப்பாடிக்காரருக்குப் போனப் போடுங்க. நான் பாக்கறப்பவே."

போட்டான். வீடு விற்பனைக்கு இல்லை என்று சொன்னான். எழிலரசி அலமாரி வழியாகத் தன் புது அறைக்குள் நுழைந்து, இடுப்பில் கை வைத்துச் சுற்றிப் பார்த்தாள். எல்லாம் என்னுது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள்.

அறிவழகனுக்குக் கவலை வேறு. வைத்திலிங்கத்தை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். மனு என்ன ஆச்சு என்று கேட்டான். தள்ளுபடி, ரூம்தான் இருக்கிறதே என்றார் அவர். அந்த ரூம் இத்தனை நாளும் தங்கள் கையிலேயே இல்லையே, கொஞ்சம் பார்த்துக் குறைக்கக் கூடாதா என்று கெஞ்சினான் அவன்.

வைத்திலிங்கம் பேனாவால் தலையைச் சொறிந்தார்.

"ஓனரு இருந்தா ஒரு ரேட்டு, வாடகைக்கு விட்டா ஒரு ரேட்டு சார். செத்தவரு குடியிருந்தா என்னா ரேட்டுன்னு... மேலதான் கேட்டுச் சொல்லணும்!"