பெயர் துடைக்காத நகல்

மைசூர் வொண்டிகொப்பலில் இருந்த அந்தப் பழைய பங்களாவுக்கு வாதிராஜ் மத்தியான வெயிலில் வந்து சேர்ந்தான். வந்ததும் முகத்தைச் சுளித்தான். அடுத்தவர் வேலையைப் பார்த்து முகம் சுளிப்பதைத் தவிர அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

கம்பெனி ஆபீஸாகிவிட்ட அந்தப் பங்களாவின் சமையலறைதான் இப்போது சர்வர் அறை, பெரிய கணினிகள் ஓடும் இடம். ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்ததில் பகலிலும் இருட்டு. ஓயாத விசிறி இரைச்சல். ஆயுத பூஜைக்கு அலமாரிகளில் அப்பிய குங்குமம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

காவலாளி கெம்பய்யா தயங்கினார். "சார், மேதினியம்மா போனதுலேர்ந்து அந்த ரூமுக்கு யாரும் தனியா போறதில்ல."

"செத்தவ வந்து சம்பளம் கேப்பாளா? வழிய விடுய்யா."

மேதினி செத்தது அந்த அறையில்தான். வாதிராஜுக்குக் கீழே நாட்கணக்கில் தூங்காமல் வேலை பார்த்தவள், "சாப்பிட்டு வந்துடறேன் சார்" என்று கேட்டபோது, "முடிச்சுட்டுச் சாப்பிடு" என்று சொன்ன புண்ணியவான் இவன். அவள் நாற்காலியில் சாய்ந்த நேரம், ஐயா இரண்டாவது மசால் தோசையில் இருந்தார்.

இன்று மாலை பரீட்சை முடிவுகள் வெளியாக வேண்டும். அதற்கு இருபது மெய்நிகர் இயந்திரங்கள் வேண்டும். இரும்பும் கம்பியும் இல்லாமல், கணினிக்குள்ளேயே ஓடும் கணினிகள் அவை. ஒப்பேற்றிவிட்டால் கிளைத் தலைவர் நாற்காலி வாதிராஜுக்குத்தான். மேதினி கட்டிவைத்த தாய் இயந்திரம் இருந்தது. அதை நகல் எடுத்தால் போதும்.

நகல் எடுக்குமுன் மேதினி அந்தத் தாய் இயந்திரத்திலிருந்த பெயரையும் அடையாளத்தையும் துடைத்துவிடுவாள். "துடைக்காட்டி எல்லாம் ஒரே பேரைச் சொல்லி அடிச்சுக்கும் சார். பின்னால வந்தது உள்ளே உக்காந்துக்கும், முன்னால இருந்தது வெளியே நிக்கும்."

"அப்படியே எலுமிச்சம்பழமும் சுத்திப் போடேன்" என்று கூட்டத்தில் வைத்து அவளைக் கேலி செய்தவன் இவன்.

இப்போது தன் பெயரிலேயே தாய் இயந்திரத்துக்குள் நுழைந்தான். எதையும் துடைக்கவில்லை. இருபது நகல் எடுத்தான்.

முதல் நகல் விழித்தது. புதுப் பெயர் கேட்க வேண்டிய இடத்தில் 'வாதிராஜ்' என்று காட்டியது. இரண்டாவதும் வாதிராஜ். மூன்றாவதும். திரையில் தன் பெயர் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்து அவனுக்குப் பெருமையாக வேறு இருந்தது. மடையன்.

கடைசி நகல் விழித்தபோது விசிறிகள் நின்றன.

டப்பாவைத் திறக்காமலே ஊசிப்போன தயிர்சாத வாசனை எங்கிருந்தோ வந்தது. பக்கத்து நாற்காலி மெல்லக் கிரீச்சிட்டது.

வாதிராஜ் கதவுக்கு ஓடினான். கதவைத் திறக்கும் அட்டையைத் தேய்த்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. கதவோரச் சிறு திரையில் எழுத்து வந்தது.

'வாதிராஜ் வெளியே சென்றுவிட்டார்.'

மறுபடி தேய்த்தான்.

'வாதிராஜ் வெளியே சென்றுவிட்டார்.'

கதவின் சிறு கண்ணாடி வழியே பார்த்தான். கெம்பய்யா யாருக்கோ சலாம் வைத்துக்கொண்டிருந்தார். அதே நீலச் சட்டை, அதே பின்னந்தலை வழுக்கை. அந்த ஆள் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு போனான்.

"பாத்துப் போங்க சார்!"

"யோவ் கெம்பய்யா! நான் இங்க இருக்கேன்யா!" தொண்டை கிழியக் கத்தினான், கை வீங்கும்வரை கதவைத் தட்டினான். கெம்பய்யா கண்ணாடியை நேராகப் பார்த்தார். அங்கே ஆள் இருப்பதாக அவர் முகத்தில் தெரியவில்லை.

போனை எடுத்து மனைவியை அழைத்தான். பலமுறை அறுந்து, வெகுநேரம் கழித்துத்தான் இணைப்புக் கிடைத்தது.

"வைஜயந்தி! நான்தான்டி! ஆபீஸ்ல மாட்டிக்கிட்டேன், யாரையாவது அனுப்பு!"

"யாருங்க நீங்க? விளையாடறீங்களா? என் வீட்டுக்காரர் இதோ சாப்பிட்டுட்டிருக்கார்."

தட்டில் கரண்டி படும் சத்தம் கேட்டது. பிறகு, அவனுடைய சொந்தக் குரல், அதே இளக்காரத்தோடு.

"எவனோ வேலையத்தவன். போனை வைம்மா."

போன் அணைந்தது. இருட்டில் ஒரு திரை மட்டும் வெளிச்சமாகி, எழுத்து ஒவ்வொன்றாக விழுந்தது.

'முடிச்சுட்டுச் சாப்பிடுங்க சார்.'